17 வயதுத் தாயும் எட்டு மாதக் குழந்தையும்: ஒரு லண்டன் நூலகச் சேவை பற்றிய மதிப்பீடு

இங்கிலாந்தில் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் ஒரு வயது நிறைவதற்குள் ஒரு புத்தகப் பொதி இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது ‘புக்ஸ்டார்ட்’ திட்டத்தின் ஏற்பாடு. பொதியை, குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் ‘ஹெல்த் விசிட்டர்’ என்ற சுகாதாரத் தாதி கொடுப்பார், அல்லது நூலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதன் தொடர்ச்சியாக வட்டார நூலகங்கள் பல, ‘ரைம் டைம்’ என்ற பெயரில், கைக்குழந்தைகளையும் பெற்றோரையும் தரையில் உட்காரவைத்து வாரத்துக்கு ஒரு முறை பாட்டும் கதையுமாக அரை மணி நேரம் நடத்துகின்றன. பொதி, நூலக அட்டை, ரைம் டைம் ஆகிய மூன்றையும் 17 வயதில் தாயான என் அக்காவின் மகளோடு கூடவே போய் ஓராண்டுக்கு மேல் பார்த்திருக்கிறேன். இருபது வயதுக்குக் கீழே உள்ள பெற்றோருக்கு இந்தச் சேவை எந்த அளவுக்குப் பயன்படுகிறது, எந்த இடத்தில் அவர்களைக் கைவிட்டுவிடுகிறது என்பதே என் கேள்வி. நாங்கள் போன நூலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. லண்டன் தமிழர்களுக்கு ஒரு தெருவின் பெயர் கிடைத்தால் போதும், மாலைக்குள் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

திட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கு முதன்முதலாக வந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதைக் கண்ட வெண்டி கூலிங் என்பவரின் மனத்தில் உதித்த யோசனை இது. 1992-இல் பர்மிங்காம் நகரில், நூலகத்துறையும் சுகாதாரத்துறையும் பல்கலைக்கழகமும் கைகோத்து, 300 குழந்தைகளுக்குப் பொதி கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகள் பள்ளியில் சேர்ந்தபோது ஆய்வாளர்கள் பாரி வேடும் மேகி மூரும் அவர்களைப் பொதி பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். வாசிப்பில் முந்தியிருந்ததில் வியப்பில்லை, கணக்கிலும் முந்தியிருந்தார்கள். ஒப்பிட்ட எண்ணிக்கை சிறியது என்பதால் அதைப் பெரிய நிரூபணமாக நான் கொள்ளவில்லை. ஆனால் 2010 டிசம்பரில் அரசு இத்திட்டத்தை நடத்தும் புக்டிரஸ்ட் அமைப்புக்கான 1 கோடியே 30 இலட்சம் பவுண் நிதியை முழுவதுமாக வெட்டப்போவதாக அறிவித்து, எழுந்த எதிர்ப்பைக் கண்டு கிறிஸ்துமஸ் விடுமுறை முடிவதற்குள்ளேயே பின்வாங்கியது என்றால், இந்த நாட்டுப் பெற்றோர் மனத்தில் அது பிடித்திருந்த இடம் விளங்கும். ஸ்கொட்லாந்தில் இதே வேலையை ‘புக்பக்’ என்ற தனித்திட்டம் செய்கிறது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். அக்காவின் மகள் தான் கருவுற்றிருப்பதை ஏழாம் மாதம்வரை வீட்டில் சொல்லவில்லை. குளிர்காலமாக இருந்ததால் பெரிய ஜம்பர் ஒன்று போதுமாக இருந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 20 வயதுக்குட்பட்ட முதல் பிரசவத் தாய்மாருக்கென்று இங்கிலாந்தில் 2007 முதல் ‘ஃபாமிலி நர்ஸ் பார்ட்னர்ஷிப்’ என்ற சேவை பல ஊர்களில் நடந்துவருகிறது. பயிற்சி பெற்ற தாதி ஒருவர் கர்ப்ப காலம் முதல் பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை ஒழுங்காக வீட்டுக்கு வருவார். ஆனால் அதில் 28 வாரம் முடிவதற்குள் சேர்ந்துவிட வேண்டும். உண்மை வெளிவந்தபோது எங்களுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. ஊரில் குடும்பநல மாது சைக்கிளில் வந்து இறங்கினால் வீட்டுப் பெண்கள் எதையும் மறைக்க முடியாது. இங்கே மறைத்துவைப்பது எளிது, மறைத்ததற்கான விலை பிறகுதான் தெரியவருகிறது.

அந்தத் தாதிச் சேவையை 18 இடங்களில் 1,645 இளம் தாய்மாரை வைத்துச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு, நூலகத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது. புகைப்பழக்கம் குறையவில்லை, குழந்தையின் பிறப்பு எடை கூடவில்லை, அடுத்த கருத்தரிப்புத் தள்ளிப்போகவில்லை, ஆஸ்பத்திரிக்கு அவசரமாக ஓடுவதும் குறையவில்லை. எதை எதிர்பார்த்துப் பணம் போட்டார்களோ அது எதுவும் நடக்கவில்லை. ஆனால் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியில் மட்டும் ஒரு நன்மை தெரிந்தது; பின்னர் அதே குழந்தைகளைப் பள்ளி வயதில் தொடர்ந்து பார்த்தபோது பள்ளிக்கான ஆயத்தத்திலும் வாசிப்பிலும் அந்த நன்மை தங்கியிருந்தது. இளம் தாயின் வாழ்க்கையை நேராக்கிவிடுவோம் என்று கிளம்பியவர்களால் அதை மாற்ற முடியாமல் போயிருக்கலாம், ஆனால் தன் பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்பதை அவள் கற்றுக்கொண்டாள் என்றே நான் இதை வாசிக்கிறேன். அப்படியானால் அந்த வேலையின் ஒரு பகுதியையாவது 28 வாரக் கெடு ஏதுமில்லாத ஓர் இடம் செய்ய முடியும். நூலகம் அத்தகைய இடம்.

பொதி எங்கள் கைக்குப் பிந்தித்தான் வந்தது. வந்துபோன ஹெல்த் விசிட்டர்கள் மூன்று பேர். ஒருவர் கொடுத்திருப்பார் என்று அடுத்தவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. குழந்தையின் சிவப்பு நிறச் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்து, எட்டாம் மாதத்தில் நூலகத்துக்கு அழைத்துப்போய்க் கேட்டேன். முகப்பில் இருந்த பெண் விவரம் எதுவும் விசாரிக்காமல் உள்ளே போய் எடுத்துவந்தார். உள்ளடக்கம் காலத்துக்குக் காலம் மாறும். எங்களுக்குக் கிடைத்ததில் தடித்த அட்டைப் புத்தகமும், பாட்டுகள் அச்சிட்ட தாளும், குழந்தையோடு எப்படிப் பேசலாம், எப்படிப் படம் காட்டலாம் என்று சொல்லும் சிறு கையேடும் இருந்தன. காது கேளாத குழந்தைகளுக்கு ‘புக்ஷைன்’ என்றும், பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ‘புக்டச்’ என்றும் தனிப் பொதிகள் உண்டு என்பதையும் தேவைப்படுவோர் அறிந்திருப்பது நல்லது.

ஒரு புத்தகம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் அந்தப் பொதிக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளைக்கும், அலமாரி நிறையப் புத்தகம் உள்ள மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே பொதிதான். அதனால் அதைக் கையில் வாங்குவதில் எந்த அடையாளமும் ஒட்டுவதில்லை. அந்த எட்டு மாதத்தில் என் அக்காவின் மகளுக்குக் கிடைத்த மற்ற உதவிகள் எல்லாமே அவளுடைய வயதை முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகே வந்தவை. சமூகசேவையாளர், கல்லூரி ஆலோசகர், உதவிப்பணப் படிவம் எல்லாம் அந்த வகை. இந்தப் பொதி மட்டும் அவளுடைய பிள்ளைக்கு வயது என்ன என்று கேட்டது.

அன்றைக்கே குழந்தைக்கு அட்டை எடுத்தோம். கைக்குழந்தைக்கும் நூலக அட்டை உண்டு என்பதே அவளுக்குப் புதிய செய்தி. படிவத்தின் அடியில் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் பேனாவை என்னிடம் நீட்டினாள். “சின்னம்மா, நீங்கள் போடுங்கோ” என்றாள். நான் வாங்குவதற்குள் நூலகப் பெண் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, “நீங்கள்தான் அம்மா, இங்கே” என்று விரலால் காட்டினார். ஐந்து விநாடி வேலை. அவள் தன் முழுப் பெயரையும், பள்ளியில் எழுதுவதுபோல், கோட்டுக்கு மேல் ஒட்டாமல் எழுதினாள்.

ரைம் டைமுக்கு முதல் வாரம் போனபோது நிலைமை அத்தனை இலகுவாக இருக்கவில்லை. கம்பளத்தைச் சுற்றி இருபது தாய்மார், பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள், பிள்ளைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நர்ஸரிக் கட்டணத்தைப் பற்றியும் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் கதவோரத்தில், கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, கோட்டைக் கழற்றாமல் இருந்தாள். ஒருவர் அன்பாகத்தான், “தம்பியா?” என்று கேட்டார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஓம்” என்று தலையாட்டிவிட்டாள். நூலகர் அந்த இடத்தில் செய்ததை நான் இந்த மதிப்பீட்டின் மிகப் பெரிய மதிப்பெண்ணாக எழுதுவேன். அவர் திருத்தவில்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. அடுத்த பாட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லி வரவேற்கும்போது, எங்கள் பிள்ளையின் முறை வந்ததும் அவனையும் அவனுடைய அம்மாவையும் வரவேற்று, அடுத்த குழந்தைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் அவள் கோட்டைக் கழற்றினாள்.

நிகழ்ச்சியின் உள்ளே நடப்பது எளிமையானது, ஆனால் யோசித்துச் செய்யப்பட்டது. ஒரே பாட்டுகள் வாரா வாரம் திரும்ப வருகின்றன, ஏனென்றால் குழந்தைக்கு வேண்டியது திரும்பத் திரும்ப வருவதுதான். அடுத்து என்ன ஒலி வரும் என்று எதிர்பார்ப்பதிலிருந்தே அது சொல்லைப் பிரித்துக் கேட்கப் பழகுகிறது. கைதட்டும் பாட்டு, மடியில் ஆட்டும் பாட்டு, விரலால் உள்ளங்கையில் வட்டம் போடும் பாட்டு என்று வகை மாறுகிறது. நம்முடைய பிள்ளைத்தமிழ் படித்தவர்கள் இதைப் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள். ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, ஏழாம் மாதத்துக்குத் தாலாட்டு, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பிறகு நிலவைக் கூப்பிடும் அம்புலி என்று நம் புலவர்கள் பருவம் பிரித்து வைத்த வரிசைக்கும், இந்த நூலகர் வைத்திருந்த பாட்டுத் தாளின் வரிசைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. எங்கள் பிள்ளை சப்பாணிப் பருவத்தில் போய்ச் சேர்ந்தான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளோடு மாதக்கணக்கில் சரியாகப் பேசாதிருந்த அக்கா எங்களைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியே காத்திருப்பது வழக்கம். மூன்றாவது வாரம் பார்க்கிங் இடம் கிடைக்காமல் தூரத்தில் நிறுத்தவேண்டி வந்து, மழையும் பிடித்துக்கொண்டதால் உள்ளே வந்தார். நூலகர் அன்று, உங்களுக்கு எந்த மொழி நன்றாக வருமோ அந்த மொழியிலேயே பிள்ளையிடம் பேசுங்கள், பாடுங்கள், ஆங்கிலத்தில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். எங்கள் பெண்ணுக்குத் தமிழ் விளங்கும், பேச்சில் தடுமாறும். அக்கா யாரையும் பார்க்காமல் பேரனின் கையை இழுத்து உள்ளங்கையில் நண்டூருது நரியூருது விளையாட்டுக் காட்டினார். நண்டு முழங்கையைத் தாண்டி அக்குளுக்குப் போனபோது பிள்ளை சிரித்த சிரிப்பில் பக்கத்து இரண்டு தாய்மார் அதைக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டார்கள். தாயும் மகளும் அன்று காரில் பேசிக்கொண்டே வந்தார்கள் என்று எழுத ஆசைதான். உண்மையில் ரேடியோ கேட்டுக்கொண்டு வந்தோம். ஆனால் அக்கா அதற்குப் பிறகு காரில் காத்திருக்கவில்லை.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதுமான குறை நேரம். எங்கள் நூலகத்தில் ரைம் டைம் வாரநாளில் காலை பத்தரை மணிக்கு, அதுவும் பள்ளித் தவணை நாட்களில் மட்டும் நடந்தது. இங்கிலாந்தில் 18 வயது நிறையும்வரை ஏதாவது ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது 2015 முதல் உள்ள நிலை. அரசே, ‘கேர் டு லேர்ன்’ என்ற திட்டத்தின் மூலம், 20 வயதுக்குள் படிப்பைத் தொடங்கும் பெற்றோரின் குழந்தைப் பராமரிப்புச் செலவைக் கொடுத்து அவர்களை வகுப்புக்குப் போகச் சொல்கிறது. ஆக, ஒரு கை அவளைப் பத்தரை மணிக்கு வகுப்பறையில் உட்காரச் சொல்கிறது, இன்னொரு கை அதே பத்தரை மணிக்கு நூலகக் கம்பளத்தில் உட்காரச் சொல்கிறது. பேறுகால விடுப்பில் உள்ள முப்பது வயதுத் தாயை மனத்தில் வைத்துப் போட்ட அட்டவணை இது. அவள் கல்லூரிக்கு முழுநேரம் திரும்பியதும் எங்கள் வருகை தவணை விடுமுறைகளுக்கு ஒதுங்கியது. விடுமுறையில் ரைம் டைமே கிடையாது. சனிக்கிழமை வைக்க முடியாதா என்று கேட்டேன். ஆட்கள் போதாது என்றார்கள். அது பொய்யில்லை என்பது முகப்பில் ஒரே ஆள் அல்லாடுவதைப் பார்த்தாலே தெரியும்.

இளம் பெற்றோருக்கென்று தனி அமர்வு வைத்தால் என்ன என்றும் யோசித்தேன். இங்கிலாந்தில் 15 முதல் 17 வயது வரையான பெண்களில் ஆயிரத்துக்கு 46.6 பேர் 1998-இல் கருத்தரித்தார்கள். 2016-இல் அது 18.8 ஆகிவிட்டது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் ஒரு நூலக வட்டாரத்தில் இப்படிப்பட்ட தாய்மார் ஒருவரோ இருவரோ இருக்கும்போது தனி அமர்வுக்கு ஆள் சேராது, சேர்ந்தாலும் அந்த அறைக்குள் நுழைவதே ஓர் அறிவிப்பாகிவிடும். அதைவிட நூலகர் மாதம் ஒரு முறை புத்தகக் கூடையோடு கல்லூரியின் குழந்தைப் பராமரிப்பு அறைக்குப் போய், வகுப்பு முடிந்து பிள்ளையைத் தூக்க வரும் நேரத்தில் பத்து நிமிடம் பாடிவிட்டு வரலாம். ஒரு கூடையும் பஸ் கட்டணமும்தான் செலவு.

பிள்ளையின் தகப்பனுக்கு 18 வயது. சூப்பர் மார்க்கெட்டில் இரவு வேலை. அவன் ஒரு முறைதான் வந்தான், வந்து நின்ற இடத்தைப் பார்த்தால் தீயணைப்பு வழியைக் காவல் காப்பவன் மாதிரி இருந்தது. அவனுக்கு வாசிப்பு வராது. பள்ளியில் அதற்காகப் பட்ட அவமானம் அவன் உடம்பிலேயே தெரிந்தது. நூலகர் எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொடுத்து, இதில் வாசிக்க ஒன்றுமில்லை, படத்தைப் பார்த்து நீங்களே ஏதாவது சொல்லுங்கள் என்றார். அவன் ஒரு நாயைக் காட்டி அதற்கு வேலை போய்விட்டது என்று தொடங்கி, மேலாளரைத் திட்டி, ஒரு முழுக் கதை சொன்னான். அந்தப் புத்தகம் ஆறு வாரம் அவர்களிடமே இருந்தது. தகப்பன்மாரை மனத்தில் வைத்த நேரமோ சுவரொட்டியோ அந்த நூலகத்தில் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தமிழ்ப் புத்தகத் தட்டு இன்னொரு ஏமாற்றம். பிள்ளைகளுக்கான இருமொழிப் புத்தகங்கள், ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் உள்ளவை, இந்த நாட்டில் அச்சாகின்றன. பல நூலகங்கள் வாங்கியும் வைத்திருக்கின்றன. எங்கள் நூலகத்தில் இருந்தவை நான்கு. அவற்றில் இரண்டு பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கானவை, ஒன்றின் நடுப்பக்கம் இல்லை. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத தாயும், ஆங்கிலத்தில் தயங்கும் அம்மம்மாவும் ஒரே பிள்ளைக்கு ஒரே புத்தகத்தைக் காட்டுவதற்கு இருமொழிப் புத்தகத்தைவிட வேறு வழியில்லை. கேட்டால் வேறு கிளையிலிருந்து தருவித்துக் கொடுக்கிறார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் சிக்கல்; வயதைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து வாழ்கிறவள் முகப்புக்குப் போய் எதையும் கேட்கமாட்டாள். எனவே தமிழ்ப் பெற்றோர் யாராவது இதை வாசித்தால், தங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் ஒரு முறை போய்க் கேட்டு வையுங்கள். கேட்பார் இருந்தால்தான் நூலகம் வாங்கும்.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பொதி இலவசம், அட்டை இலவசம், எங்கள் நூலகத்தில் பிள்ளைகள் புத்தகத்துக்குத் தாமதக் கட்டணமும் கிடையாது. இந்தக் கடைசி விஷயம் சிறியதாகத் தோன்றும், ஆனால் இளம் தாய் புத்தகம் எடுப்பதைத் தடுப்பது இந்தப் பயம்தான். இரண்டாம் முறை எடுத்துவந்த அட்டைப் புத்தகத்தின் ஒரு மூலையைப் பிள்ளை நன்றாகக் கடித்து ஊறவைத்துவிட்டான். அவள் அதை ஹேர் டிரையரால் காயவைத்து, கனமான சமையல் புத்தகத்தின் கீழே இரண்டு நாள் அழுத்திவைத்து, கையில் பத்துப் பவுண் நோட்டோடு திருப்பிக் கொடுக்கப் போனாள். நூலகர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பெட்டியிலிருந்து இன்னும் ஐந்தாறு புத்தகங்களை எடுத்துக் காட்டினார். எல்லாவற்றின் மூலையிலும் பற்குறி இருந்தது.

பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது. கல்லூரி நாட்களில் மாலை நாலரைக்கு, ரைம் டைம் இல்லாத நேரத்தில், நூலகத்துக்குப் போய் அவளே தரையில் உட்கார்ந்து அதே பாட்டுகளை அவனுக்குப் பாடுகிறாள். சென்ற மாதம் முகப்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: சனிக்கிழமை அமர்வு வேண்டும் என்போர் பெயர் எழுதவும் என்று. அவள் பெயர் நான்காவதாக இருக்கிறது. நான் எழுதச் சொல்லவில்லை.